தண்ணீர் குடித்தவர்கள்

ஏப்ரல் 25

இந்த வருடமும் பல்லக்கு தாண்டவில்லை. இத்தோடு மூன்றாவது வருடம்.

நேற்று பிற்பகல் கடல் நன்றாக வற்றி, எங்கள் தீவிலிருந்து குட்டித் தீவு வரைக்கும் மணல் வழி முழுசாக வெளியே வந்தது. பல்லக்கோ கோயில் முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. பூசாரி பெருநிலத்துக் கரையிலிருந்து படகில் வந்தார், அதன் முன்னால் மந்திரம் சொன்னார், என் கடையில் ஊடோன் நூடுல்ஸ் சாப்பிட்டார், அடுத்த படகில் திரும்பிவிட்டார். நாங்கள் மணல் வழியில் இறங்கி மட்டி பொறுக்கினோம். சாமி போகவேண்டிய வழியில் மட்டி! நானும்தான் பொறுக்கினேன். கூடை நிறைந்தபோது எரிச்சலும் நிறைந்துவிட்டது.

சாயங்காலக் கூட்டத்தில் அண்ணன் ஷிகெதோ எழுந்தான். கோயில் சபைத் தலைவராக எழுந்தால் ஷிகெதோ தொண்டையைச் செருமுவான். அண்ணனாக எழுந்தால் செருமமாட்டான். நேற்று செருமினான்.

"தூக்க எட்டுப் பேரு வேணும். நம்மகிட்ட இருக்கறது நாலு. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா பல்லக்கக் கரையில இருக்கற அருங்காட்சியகத்துக்குக் குடுத்துடலாம். பேசிட்டேன். கண்ணாடிப் பெட்டி செஞ்சு வெச்சுக்கறாங்களாம். உள்ள விளக்குகூடப் போடுவாங்களாம்."

விளக்கு என்றதும் ஒன்றிரண்டு தலைகள் திருப்தியாக ஆடின. நான் வாயைத் திறப்பதற்குள் சாக்கே மதுப் புட்டி சுற்றுக்கு வந்துவிட்டது.

எனக்குப் பக்தி அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போய், குட்டித் தீவின் பைன் மரத்தடியில் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, ஓதம் ஏறுவதற்குள் வீடு திரும்பும் சாமியைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டால் அதற்குப் பெயர் மீன்தொட்டி.

அடுத்த வருடம் பல்லக்கு தாண்டும். நான் தாண்ட வைப்பேன். எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

ஏப்ரல் 27

அந்த நாலு பேர்: சிப்பிக் கொட்டகை முகாய். பழைய படகோட்டி இசாவோ. ஆரஞ்சுத் தோட்டத்து ஹரா சகோதரர்கள் இரண்டு பேர். என் அண்ணனுக்குப் போன வருடம்தான் இடுப்பில் அறுவை சிகிச்சை. அவன் முன்னால் நடக்கலாம், தூக்க முடியாது. மிச்ச ஆண்கள் தங்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு படியேறுவதே பெரிய காரியம்.

கரையில் வேலை பார்க்கும் பிள்ளைகளை ஒரு நாளைக்கு வரவழைக்கலாம் என்றால் விதி குறுக்கே நிற்கிறது. பல்லக்கைத் தோளில் வைப்பவர்கள் 'தண்ணி குடிச்சவங்க'ளாக இருக்கவேண்டும். ஊர்க்காரர் என்பதற்கு எங்கள் தீவில் சொல்லே அதுதான். ஆறு இல்லை, ஓடை இல்லை, மலையடியில் ஒரே ஒரு கிணறு. நாலு பருவமும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்தான் இந்த ஊர். இங்கே பிறந்து கரைக்குப் போய்விட்டவனுக்கு மரியாதை உண்டு, மீன் உண்டு. பல்லக்கின் தோள்கட்டை கிடையாது.

மே 3

முகாயின் கொட்டகையில் வேலை பார்க்கும் வியட்நாம்காரர்கள் நாலு பேரும் சாப்பிட வந்தார்கள். துவான், லாம், கியென், பாவ். துவான்தான் மூத்தவன்; ஊரில் மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். அவர்கள் காத்திருந்த நேரத்தில் படகிலிருந்து என் எரிவாயு உருளை வந்தது. துவானும் பாவும் கேட்காமலே எழுந்து போய்த் தூக்கி வந்தார்கள். ஒரே காலை எடுத்து வைத்து, ஒரே மூச்சில். உருளை ஆடவே இல்லை.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நாலும் நாலும் எட்டு. இரண்டு வருடமாக இவர்களுக்கு ஊடோன் போடுகிறேனே, என் கண் எங்கே போயிருந்தது?

பல்லக்குத் தூக்க வருவீர்களா என்று உடனே கேட்டேன். துவான் முதலில் கேட்டது, "காசு உண்டா, அக்கா?"

"கிடையாது. சாக்கே உண்டு."

"கீழ போட்டா?"

"போட மாட்டோம்."

"போட்டா?"

"ஊரே உக்காந்து அழுவோம். அப்புறம் உன்னையும் என்னையும் சேத்துத் திட்டுவோம்."

அவன் கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் குடித்து முடித்தான். "எங்க ஊர்லயும் சாமி ஆத்தத் தாண்டிப் போகும். அப்பா தூக்குவாரு. என் முறை வர்றதுக்குள்ள இங்க வந்துட்டேன். நான் வரேன்."

லாம் மட்டும் தயங்கினான். அவன் சர்ச்சுக்குப் போகிறவன். அம்மாவைக் கேட்கவேண்டும் என்றான். அங்கேயே போனை எடுத்துக் கேட்டான். அந்த அம்மா நீளமாக ஏதோ சொன்னாள். என்ன என்றேன். "கனமா இருக்குமா, அப்ப முதுகப் பாத்துக்கோன்னாங்க."

மே 5

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் புட்டித் தேநீர். கடையில் வாங்கி, கடையில் குளிரவைத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டான். "அவங்க தண்ணி குடிச்சவங்களா?"

அவ்வளவுதான். ஒரே கேள்வி. அதில் நான் மாட்டிக்கொள்வேன் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதில் என் ஆரஞ்சைப் பிடுங்கித் தின்றுவிட்டு இதே முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பான். இறங்கும்போது ஒரு கல்லை உதைத்தேன், கால் விரல் வீங்கிவிட்டது. போகட்டும்.

மே 8

எழுதக் கை பரபரக்கிறது!

மாவு பிசைய நான் கிணற்றுத் தண்ணீர்தான் எடுக்கிறேன். அதில் இயல்பாகவே ஒரு உப்புக் கரிப்பு உண்டு, மாவு இழுபடாமல் நிற்கும். தேநீரும் அதில்தான், பழகிவிட்டது. இன்று துவான் தாகமாக வந்தவன் அடுப்படியில் இருந்த குடத்திலிருந்து மொண்டு குடித்துவிட்டு, "இது எங்க தண்ணி" என்றான்.

"எங்க தண்ணின்னா?"

"கொட்டகையில வர்ற தண்ணி, அக்கா. தேநீர் போட்டா உப்பாவே இருக்கும். கெட்டிலுக்குள்ள வெள்ளையா ஒட்டிக்கும். முதல் மாசம் பாவுக்கு வயிறே சரியில்ல."

கடையைச் சாத்தினேன். மலை வளைவு ஏறி இறங்கிக் கொட்டகைக்கு ஓடினேன். முகாய் சிப்பி வளர்க்கும் தெப்பத்துக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார். தலையைச் சொறிந்தார். கரையிலிருந்து கடலடியில் வந்த குழாய் துறைமுகத்தோடு நின்றுவிட்டது. மலைக்குப் பின்பக்கம் அதை இழுக்க அவருக்கு மனசில்லை. கிணற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் போட்டுவிட்டாராம். "குடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்றார் பயந்துகொண்டு. அவரைக் கட்டிப் பிடித்திருப்பேன், ஆனால் சிப்பி நாற்றம்.

ஆக, இரண்டு வருடமாக இந்தத் தீவில் தண்ணி குடித்தவர்கள் யார்? நாலு வியட்நாம்காரர்கள். குழாய் வந்த நாளிலிருந்து குடிக்காதவர்கள் யார்? கோயில் சபை மொத்தமும்! வீட்டில் புட்டி அடுக்கி வைத்திருக்கும் தலைவர் உட்பட.

மே 14

கூட்டம். சொன்னேன். கூரை பறந்தது.

இசாவோதான் முதலில் குதித்தார். "நானா தண்ணி குடிக்காதவன்? எங்க பாட்டன்தான் அந்தக் கிணத்துக்குக் கல்லு கட்டினாரு!"

"அவரு குடிச்சாரு, இசாவோ அண்ணே. நீங்க எப்பக் குடிச்சீங்க?"

"உன் கடையில தெனம் ஊடோன் சாப்பிடறேன்ல? அந்தச் சாறு எந்தத் தண்ணி?"

இது ஒரு பிரச்சினைதான். சாறு குடித்தால் தண்ணி குடித்ததாகுமா? ஹரா சகோதரர்களில் பெரியவர் ஆகும் என்றார், சின்னவர் ஆகாது என்றார். தோட்டத்தில் எந்த மரத்தை வெட்டுவது என்பதிலும் அவர்கள் இப்படித்தான். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். செருமினான்.

"தேநீர் கணக்குல வரும். சாறு வராது."

"ஏன்?"

"சாறுல நெத்திலி இருக்கு."

ஹரா சின்னவர் ஜெயித்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அண்ணன் என்னைப் பார்த்தான். "விதின்னா எல்லாருக்கும் விதி. கொட்டகைக்காரங்க குடிச்சவங்கன்னா தூக்கட்டும். ஆனா இங்க இருக்கற நாலு பேரும் இன்னைலேர்ந்து குடிக்கணும். வசந்தம் இன்னும் முடியல. நாலு பருவம். ஒரு நாள் விட்டாலும் போச்சு. குடிக்காதவங்க கரையில நின்னு வேடிக்கை பாக்கலாம்."

வாக்குக் கொடுத்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவனை எனக்குத் தெரியும். மழைக்காலம் வந்தால் படியிறங்கிப் போய் உப்புத் தண்ணீர் சுமக்க எவனும் வரமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நாலு பேரும் உதிர்ந்துபோனால் பல்லக்கு கண்ணாடிக்குள் போய்விடும், பழி என் தலையில்.

பாத்துடலாம் அண்ணா. பாத்துடலாம்.

ஜூன் 11

மழை. காலையில் குடையோடு நாலு பேர் வீட்டுக் கதவையும் தட்டினேன். இசாவோ சன்னல் வழியாகக் கெட்டிலை நீட்டினார், "நீயே மொண்டு வந்துடேன்" என்று. மாட்டேன் என்றேன். திட்டிக்கொண்டே வந்தார்.

ஜூலை 2

தட்ட வேண்டியதில்லை இப்போது. முகாய் சைக்கிளில் வருகிறார். ஹரா பெரியவர் வருவதைப் பார்த்து, தான் மட்டும் சளைத்தவனா என்று சின்னவரும் வருகிறார். இசாவோ சிகரெட்டும் சாம்பல் கிண்ணமுமாக வந்து கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் இருப்பதால் அவர் மனைவியும் வருகிறாள், அவள் இருப்பதால் மற்றவர்களும் வருகிறார்கள். படகு தாமதம், யாருக்குச் சளி, யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது, எல்லாம் அங்கேயே பேசி முடிந்துவிடுகிறது. என் கடைக்கு வந்து பேச எதுவும் மிச்சமில்லை, வியாபாரம் மந்தம்.

அண்ணனைத்தான் அந்தப் பக்கமே காணோம்.

ஆகஸ்ட் 16

வெயில். கிணறு கீழே போய்விட்டது, கயிற்றுக்கு ஒரு முடிச்சுப் போட்டு நீட்டினோம். தண்ணீர் இன்னும் கரிக்கிறது. பாவ் சொன்னான், "இப்பத்தான் அக்கா எனக்குக் கரையில குடிக்கற தண்ணி சப்புனு இருக்கு."

செப்டம்பர் 19

புயல். மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன்.

அண்ணன் தனியாக இருக்கிறானே, அண்ணி கரையில் மகளிடம் போயிருக்கிறாளே என்று காற்று ஏறுவதற்கு முன்பே மேலே போய்விட்டேன். சன்னல் பலகைகளை அடித்தோம். பேச்சு வார்த்தை அதிகமில்லை. குளிருக்குத் தேநீர் போடலாம் என்று அவன் கெட்டிலின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே வெள்ளை. கழுத்து வரைக்கும் வெள்ளைப் படிவு. குழாய்த் தண்ணீரில் அது வராது, புட்டித் தேநீருக்குக் கெட்டிலே தேவையில்லை. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலில் மட்டும்தான் அது உண்டு.

திரும்பிப் பார்த்தேன். அவன் பலகையில் இல்லாத ஆணியை அடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பலேர்ந்து?"

"வாய மூடிட்டுத் தேநீரப் போடு."

"நீ தூக்கவே போறதில்லயே. உனக்கு எதுக்கு?"

இன்னும் இரண்டு தடவை சுத்தியலால் தட்டினான். காற்று கூரையைப் பிடித்து ஆட்டியது. பிறகு, செருமாமல் சொன்னான். "முன்னால நடக்கறவன் குடிக்காதவனா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப ஏன் கண்ணாடிப் பெட்டி?"

"கண்ணாடிப் பெட்டியில இருந்தா யாரும் கீழ போட முடியாதுல்ல, மிவா. அப்பா காலத்துல தாண்டிச்சு, ஷிகெதோ காலத்துல கடல்ல விழுந்துதுன்னு ஆகக் கூடாது. நாலு கெழவங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? பயமா இருக்கு. போதுமா?"

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அழுகைதான் வந்தது. விடிவதற்கு முன்னால், ஒருத்தரும் எழுவதற்கு முன்னால், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு படியிறங்கி ஏறியிருக்கிறான். பிடிவாதக்காரன். எங்கள் குடும்பமே அப்படித்தான்.

செப்டம்பர் 20

கடல் கிணற்றுக்குள் வந்துவிட்டது.

அலை மதிலைத் தாண்டி மலையடி வரை போயிருக்கிறது. முகாயின் தெப்பங்கள் பாதி இல்லை. கிணற்றில் பாசியும் ஒரு செருப்பும் மிதக்கின்றன. மொண்டு பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை. அசல் கடல்.

ஒரு நாள் விட்டாலும் போச்சு என்று சொன்னது அண்ணன்தான்.

இசாவோ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கோப்பை முழுக்கக் குடித்துவிட்டார், யாரும் தடுப்பதற்குள். பிற்பகல் முழுதும் கழிப்பறையில்.

செப்டம்பர் 21

அண்ணன் கிணற்றுக்கு வந்தான். எல்லோர் முன்னாலும், கைத்தடியோடு. "ஒரு நாளைக்கு ஒரு வாய் போதும். நாக்குல பட்டாலே குடிச்சதுதான்" என்று தீர்ப்புச் சொன்னான். பிறகு கைத்தடியால் உள்ளே காட்டினான். "இறைங்க."

மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடாது. வாளிதான். துவானும் கியெனும் கயிறு கட்டி உள்ளே இறங்கினார்கள். மேலே வரிசையாக நின்று கைமாற்றினோம். தன் தெப்பங்கள் போன கவலையை விட்டுவிட்டு முகாயும் நின்றார். தரை தெரிந்ததும் கல்லிடுக்கில் ஊற்று மெல்லக் கசிந்து வந்தது. துவான் கீழேயிருந்து கத்தினான், "இன்னும் கடல்!" மறுபடி இறைத்தோம்.

செப்டம்பர் 24

இன்னும் கடல். இறைத்தோம்.

செப்டம்பர் 29

இன்று பாவ் குடித்துவிட்டு முகம் சுளிக்கவில்லை. மறுபடி மொண்டு குடித்தான். "எங்க தண்ணி" என்றான். இசாவோ அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். இங்கே அது கட்டிப்பிடிப்பதற்குச் சமம்.

நவம்பர் 15

சிப்பிப் பருவம். மிஞ்சிய தெப்பங்களில் கிடைத்ததை உடைக்கிறார்கள். எல்லோர் கையிலும் வெட்டுக்காயம். தண்ணீர் குடிப்பதை மட்டும் யாரும் விடவில்லை.

ஜனவரி 18

ஒத்திகை ஆரம்பம். நிஜப் பல்லக்கை எடுக்கக் கூடாது, அதனால் இரண்டு நீளக் கட்டைகளின் நடுவே ஒரு மேடை கட்டினோம். அதன்மேல் பாரத்துக்கு என்ன வைப்பது? அரிசி மூட்டை என்றார் முகாய். "அது வாய் தொறந்து சொல்லாது. சாயுதா சாயலயான்னு சொல்ற பாரம் வேணும்" என்று அண்ணன் தானே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கடற்கரையில் பனித்தூறலில் எட்டுப் பேர் தோளில் என் அண்ணன் கம்பளி போர்த்திக்கொண்டு போனான். "இடது பக்கம் தூங்குது! இசாவோ, நீ நடக்கறியா, நீச்சல் அடிக்கறியா?" இசாவோ மூச்சு வாங்க, "இந்தச் சாமி பேசாம இருந்தா நல்லாருக்கும்" என்றார். லாம் சிரித்ததில் பின்பக்கம் சரிந்து, சாமி மணலில் உருண்டது.

பாவம், வலித்திருக்கும். ஆனால் நான் சிரிப்பை நிறுத்த ரொம்ப நேரமாயிற்று.

மார்ச் 9

லாமின் அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. போன் வந்தது. முகாய் மறுவார்த்தை பேசாமல் அவனைப் படகேற்றிவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடை வாசலில் நின்றான்.

"என் எடம்?" என்றான்.

"உன் அப்பாவப் பாரு. எடம் எங்கயும் போகாது."

படகு திரும்பும் வரை நின்றேன். உள்ளே வந்ததும்தான் உறைத்தது. ஏழு.

மார்ச் 11

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்து பல்லக்கை அளந்தாள். வெள்ளைக் கையுறை, சின்னக் குரல். அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, பார்த்துப் பார்த்துத்தான் தொட்டாள். "வெளிச்சம் மங்கலாகத்தான் போடுவோம், அரக்கு வெடிக்காது" என்றாள். தோள்கட்டை தேய்ந்து குழிந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்டாள். தோள், என்றேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை தொட்டாள்.

அண்ணன் அவளிடம், விழா முடியட்டும், சொல்கிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை! ஏழு பேர்தான் என்று அவனுக்கும் தெரியும்.

மார்ச் 16

எட்டாவது ஆளுக்கு எங்கே போவேன்? நாலு பருவம் குடித்த தோள் வேண்டும். இசாவோவின் அண்ணன் மகன் கரையிலிருந்து வரத் தயார், ஆனால் குடிக்கவில்லை. இன்று ஒத்திகையில் பின்வரிசை வலப்பக்கம் காலியாக இருந்தது, கட்டை அந்தப் பக்கம் தரையைத் தேடியது. அண்ணன் ஏறவே மாட்டேன் என்றான். சும்மா ஒப்புக்கு நிற்கிறேன் என்று நான் உள்ளே போனேன். ஊடோன் மாவைக் காலால்தான் பிசைவோம்; மிதித்து மிதித்து என் கால்கள் ஒன்றும் மோசமில்லை.

பின்வரிசையில் நின்றால் அண்ணனின் முகம் தெரிகிறது. பிறகு ஏறியவன் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தான். போகும்போது கத்தினான். வரும்போது கத்தவில்லை. இறங்கியதும், "இன்னைக்குச் சாயல" என்றான், முகாயிடம். என்னிடம் இல்லை.

மார்ச் 30

மறுபடி ஒப்புக்கு நின்றேன். சாயவில்லை.

எந்தப் பெண்ணும் பல்லக்கைத் தூக்கியதில்லை. கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, கேட்டால்தானே சொல்ல. நான் கேட்கவா? கேட்டு, அண்ணன் செருமினால்? எனக்காகவா இவ்வளவும் செய்தேன் என்று ஆகிவிடாதா? இல்லை. பல்லக்கு தாண்டவேண்டும், அவ்வளவுதான். நான் கேட்கமாட்டேன்.

ஆனால் தூக்க ஆசையாக இருக்கிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது.

ஏப்ரல் 12

நாளை விழா, பௌர்ணமிக் கணக்கு என்பதால் இந்த வருடம் பதினோரு நாள் முந்தி. சாயங்காலம் பூசாரி வந்துவிட்டார். அண்ணனும் அவரும் கோயிலுக்குள் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. விளக்குமாறோடு வெளியே நின்றது தற்செயல் என்று சொல்லிக்கொள்கிறேன். பூசாரி ஏதோ மெல்லச் சொன்னார். அண்ணன் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"வார்த்தை 'தண்ணி குடிச்சவங்க'தான். அதுல ஆம்பள, பொம்பளனு எங்க இருக்கு?"

விளக்குமாறை எங்கே போட்டேன் என்று இப்போது தேடுகிறேன்.

ஏப்ரல் 13

தாண்டியது.

ஏப்ரல் 14

இடது கையால் எழுதுகிறேன். வலது தோள் எழும்பவே இல்லை. எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும்.

கிணற்றடியில் அண்ணன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு அகப்பையில் தண்ணீர் கொடுத்தான். முகாய். இசாவோ. ஹரா, ஹரா. துவான். கியென். பாவ். ஏழு பேர் குடித்தார்கள். எட்டாவது அகப்பையை மொண்டு வைத்துக்கொண்டு நின்றான். செருமுவான் என்று நினைத்தேன். செருமவில்லை.

"மிவா. வா."

கூட்டம் என்ன செய்தது என்று தெரியவில்லை, நான் பார்க்கவில்லை. கரித்தது. முழுசும் குடித்தேன்.

போகும்போது மணல் கெட்டியாக இருந்தது. பைன் மரத்தடியில் சாமி உட்கார்ந்தது, நாங்களும் உட்கார்ந்தோம். திரும்பும்போது ஓதம் முந்திக்கொண்டது. முழங்கால், பிறகு தொடை. அண்ணன் எங்கள் முன்னால் பின்புறமாகவே நடந்தான், கைத்தடியைத் தண்ணீரில் ஊன்றி, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நடுவழியில் எனக்கு முன்னால் இருந்த முகாயின் கால் புதைந்தது. மொத்தமும் என் தோளுக்கு வந்தது. ஏதோ கெட்ட வார்த்தை கத்தினேன். சாமி முன்னால்! பக்கத்துக் கட்டையில் துவானும் வியட்நாமியில் ஏதோ கத்தினான், அதுவும் நல்ல வார்த்தையாக இருக்காது. கால் வழுக்கியது. விடவில்லை. கட்டை சாயவில்லை. முகாய் எழுந்தார். கரை வந்தது.

அண்ணன் மணலில் உட்கார்ந்து அழுதான், சத்தமாக. அருங்காட்சியகத்துப் பெண் இடுப்பு வரை நனைந்து கரையில் நின்றாள். படம் எடுக்க வந்தவள் எங்கள் பின்னாலேயே இறங்கிவிட்டாளாம். அவளிடம் அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெட்டி வேணாம்மா" என்றான். அவள் சரி, சரி என்று தலையாட்டினாள்.

இன்று லாமிடமிருந்து செய்தி. அப்பாவுக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருக்கிறது. 'தாண்டியதா? என் இடத்தில் யார்?' வீங்கிய தோளைப் படம் எடுத்து அனுப்பினேன். முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவன் அம்மா பதில் அனுப்பியிருக்கிறாள்.

மாவு தேய்க்க முடியவில்லை. கடையை மூடலாம் என்று நினைத்தபோது அண்ணன் வந்து, கேட்காமல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். அவன் வெட்டிய ஊடோன் விரல் பருமன். "இதென்ன, தெப்பம் கட்டற கயிறா?" என்று கேட்ட இசாவோ இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

மதியத்துக்குள் குடம் காலி. நான் எழுந்தேன், அண்ணன் கையமர்த்தினான். குடத்தை எடுத்துக்கொண்டான். தன் கெட்டிலையும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான் போலிருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டான். வாசலில் இவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில், நொண்டிக்கொண்டே கிணற்றுக்குப் போனான்.